பதக்கத்துக்குப் பிறகும் பனித்தளம்

நேயர்களுக்கு வணக்கம்.

1988 பிப்ரவரி. கனடாவின் கால்கரி நகரில் குளிர்கால ஒலிம்பிக், ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் அமெரிக்காவின் பிரையன் பொய்டானோவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். நான்கு பேர் கனடாவின் பிரையன் ஆர்சருக்குக் கொடுத்தார்கள். சொந்த மண்ணில் ஆர்சருக்குக் கிடைத்தது வெள்ளி. 1984இல் சராயேவோவிலும் அவருக்கு வெள்ளிதான். பிறகு 2010, வான்கூவர் ஒலிம்பிக். அதே ஆர்சர் இப்போது தடுப்புப் பலகைக்கு வெளியே நிற்கிறார். உள்ளே தென்கொரியாவின் யூனா கிம் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் இவரும் முழங்காலை மடக்கித் துள்ளுகிறார். கிம்முக்குத் தங்கம் கிடைத்தது, 228.56 புள்ளிகளோடு. அன்றைக்கு அது உலக சாதனை.

பார்ப்பவர்களுக்கு இது ஒரே தொழிலின் இரண்டு பாதி போலத் தெரியும். உண்மையில் இவை இரண்டு தொழில்கள். முதலாவதில் எவ்வளவு உயரம் போயிருந்தாலும் இரண்டாவதை அடியிலிருந்துதான் கற்க வேண்டும். போட்டியை விட்ட ஸ்கேட்டர்கள் பயிற்சியாளராகும்போது எங்கே தடுமாறுகிறார்கள், ஏன் தடுமாறுகிறார்கள், எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு பழைய விதி. 1990கள் வரை, காசு வாங்கிக்கொண்டு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தவர் தொழில்முறையாளர் ஆகிவிடுவார். அதன்பின் ஒலிம்பிக் வாசல் அவருக்கு அடைபட்டுவிடும். அமெரிக்கப் பனித்தளங்களில் இன்றைக்கும் பயிற்சியாளரை ‘புரோ’ என்று அழைப்பது அந்தக் காலத்தின் மிச்சம். அன்று போட்டியை விடுவதும் பாடம் எடுக்கத் தொடங்குவதும் ஒரே முடிவாக இருந்தன. இன்று போட்டியில் இருந்துகொண்டே சிறுவர்களுக்குச் சொல்லித்தரலாம். இந்த வாய்ப்பைப் பலர் வீணாக்குகிறார்கள் என்பது என் வருத்தம்.

சாம்பியனுக்கு வரும் முதல் சிக்கலைப் பார்ப்போம். ஒற்றை ஆக்ஸல் என்று ஒரு ஜம்ப் இருக்கிறது. ஆறு வகை ஜம்ப்புகளில் முன்பக்கம் பார்த்துக்கொண்டே எழும்புவது இது ஒன்றுதான். முன்நோக்கி எழும்பிப் பின்நோக்கி இறங்குவதால் பெயர் ஒற்றை என்றாலும் காற்றில் ஒன்றரைச் சுற்று. ஒரு குழந்தைக்கு இது கைவர ஒரு வருடம்கூட ஆகலாம். சாம்பியனோ இதை எட்டு, ஒன்பது வயதிலேயே கற்று முடித்தவர். எப்படிக் கற்றார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடம்பு செய்துவிடும், வாய்க்கு வராது. “இன்னும் உயரமாக எழும்பு, வேகமாகச் சுற்று” என்பார். அந்தக் குழந்தைக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

அந்த ஜம்ப்புக்குள் நடப்பது இதுதான். இடமாகச் சுற்றுபவரை எடுத்துக்கொள்வோம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சுற்றுகிறார்கள். இடது கால் பிளேடின் வெளி விளிம்பில் முன்நோக்கி வந்து, முழங்காலை ஆழமாக மடக்கி, வலது காலை மாடிப்படி ஏறுவதுபோல நேராக முன்னால் தூக்க வேண்டும். காற்றில் எடை முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற வேண்டும். இடது கால் வலது காலின்மேல் குறுக்காக வர, கைகள் மார்போடு ஒட்ட வேண்டும். கடைசியில் வலது காலின் வெளி விளிம்பில் பின்நோக்கி இறங்க வேண்டும். தவறும் இடங்களும் தெளிவானவை. வலது காலைப் பக்கவாட்டில் வீசினால் உடம்பு சாயும். தோளை முன்கூட்டியே திருப்பினால் பிளேடு சறுக்கிக்கொண்டு போய் உயரம் கிடைக்காது. எடை மாறாவிட்டால் இரண்டு காலிலும் இறங்குவார். பயந்தால் பாதியிலேயே கைகளை விரித்துவிடுவார்.

ஒரு முயற்சியில் இந்த நான்கும் சேர்ந்தே தெரியும். புதுப் பயிற்சியாளர் நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஒரு முயற்சிக்கு ஒரு திருத்தம் என்பதுதான் சரி. அதுவும் மூலக் காரணத்தைத் திருத்த வேண்டும். இரண்டு காலில் இறங்கும் குழந்தைக்கு ஆக்ஸலையே மறுபடி மறுபடி செய்யச் சொல்வதில் அர்த்தம் இல்லை. அந்தக் குழந்தைக்குப் பின்சுழற்சி வரவில்லை. வலது காலில் நின்று ஐந்தாறு சுற்று நிலையாகச் சுற்றத் தெரியாதவருக்குக் காற்றில் மட்டும் எங்கிருந்து வரும்? முதலில் அதைத் தனியாகக் கற்பித்து, பிறகு அரைச் சுற்று வால்ட்ஸ் ஜம்ப்போடு சேர்த்து, அதன்பிறகுதான் ஆக்ஸலுக்கு வர வேண்டும்.

கண்ணைப் பழக்குவது அடுத்த வேலை. இதற்கு லுட்ஸ் ஜம்ப்பைவிட நல்ல பாடம் கிடையாது. லுட்ஸில் இடது காலின் வெளி விளிம்பில் பின்நோக்கி நீளமாக வளைந்து வர வேண்டும். அந்த வளைவு ஒரு பக்கம், காற்றில் சுற்ற வேண்டியது எதிர்ப்பக்கம். வலது பாதத்தின் முன்நுனிப் பற்களைப் பனியில் குத்தி எழும்ப வேண்டும். உடம்பு எப்போதும் சுலபமான வழியைத் தேடும். குத்துவதற்கு முந்தைய கணத்தில் கணுக்கால் உள்ளே சரிந்து, பிளேடு உள் விளிம்புக்கு உருண்டுவிடும். அப்போது அது லுட்ஸ் அல்ல, கிட்டத்தட்ட ஃபிளிப், அதாவது உள் விளிம்பிலிருந்து எழும்பும் வேறொரு ஜம்ப். இந்தப் பிழைக்கு ஸ்கேட்டர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபிளட்ஸ்’. போட்டியில் தொழில்நுட்பக் குழு இதைக் கண்டால் அடிப்படை மதிப்பே குறையும், நடுவர் புள்ளியும் குறையும்.

புதியவர்கள் எல்லோரும் காற்றில் இருக்கும் உடம்பையே பார்க்கிறார்கள். பிழை நடப்பது தரையில். ஸ்கேட்டர் பின்நோக்கி வரும் பாதையின் முனையில், அவருடைய முதுகு நம்மை நோக்கி வரும்படி நின்றுகொண்டு, இடது கணுக்காலை மட்டும் பார்க்க வேண்டும். அதற்கும் மேலான சாட்சி ஒன்று பனியிலேயே இருக்கிறது. ஜம்ப் முடிந்ததும் ஸ்கேட்டரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். பிளேடு கிழித்த கோடு, பற்கள் குத்திய குழிவரை ஒரே பக்கமாக வளைந்திருந்தால் சரியான லுட்ஸ். கடைசி ஓர் அடியில் கோடு மறுபக்கம் திரும்பி, நீட்டிய பாம்புபோல நெளிந்திருந்தால் ஃபிளட்ஸ். பனித்தளத்தைச் சமன்செய்யும் ஸாம்போனி வண்டி வந்துபோன கையோடு, புதுப் பனியில் இதைச் செய்தால் கோடு பளிச்சென்று தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் “விளிம்பு மாறுகிறது” என்று நூறு தடவை சொல்வதைவிட இந்தக் கோட்டை ஒரு தடவை காட்டுவது மேல்.

திருத்தும்போது மூன்று சுற்று லுட்ஸில் கைவைக்காதீர்கள். ஒற்றைச் சுற்றுக்கு இறங்கி, நீளமான நுழைவைக் குறுக்கி, குத்தும்வரை வலது தோள் திறக்காமல் பிடித்துப் பழக்க வேண்டும். குற்றம் சொல்லும் முன் பிளேடையும் பாருங்கள். பிளேடின் அடியில் நடுவே ஒரு பள்ளம், இரு புறமும் இரு விளிம்புகள். சாணை பிடித்தவர் கவனக்குறைவாக ஒரு விளிம்பை உயரமாக விட்டிருந்தால் எந்தப் பிள்ளையாலும் வெளி விளிம்பில் நிற்க முடியாது. பிளேடைத் தலைகீழாகப் பிடித்து அதன்மேல் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்தால் போதும். நாணயம் சாய்ந்து நின்றால் சாணை தவறு.

காலணி விஷயமும் அப்படித்தான். “அடுத்த வருடமும் போடலாமே” என்று பெற்றோர் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுவார்கள். குதிகால் உள்ளே எழும்பும், கணுக்கால் உள்ளே மடியும், பிள்ளைக்குக் கணுக்காலில் பலம் இல்லை என்று பேச்சு வரும். இன்னொரு பக்கம், மூன்று சுற்று ஜம்ப்புக்கான கெட்டிக் காலணியை ஒற்றை ஜம்ப் செய்யும் பிள்ளைக்குப் போட்டுவிட்டால் கணுக்கால் மடங்காது, முழங்காலும் மடங்காது. போட்டி நாட்களில் சாம்பியனின் காலணியை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். இப்போது இவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு சுற்று, மூன்று சுற்று ஜம்ப் கற்பிக்க ஹார்னெஸ் உண்டு. ஸ்கேட்டரின் இடுப்பில் பட்டை, பயிற்சியாளர் கையில் நீண்ட கோல், நடுவே கயிறு. பயிற்சியாளர் கூடவே சறுக்கிவந்து தாங்க வேண்டும். பிள்ளை தன் முழங்காலால் எழும்பிய பிறகே கோலைத் தூக்க வேண்டும். ஒரு கணம் முந்தினால் பிள்ளை எழும்புவதையே மறந்து, தூக்கிவிடப்படுவதற்குக் காத்திருக்கப் பழகிவிடும்.

ஒலிம்பிக் பதக்கக்காரர்கள்கூடத் தொடக்கநிலை வகுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் ‘லேர்ன் டு ஸ்கேட்’ பாடத்திட்டத்தில் மழலையருக்கு ‘ஸ்னோப்ளோ சாம்’ என்று நான்கு நிலை, பிறகு அடிப்படை ஆறு நிலை. முதல் பாடமே விழுவதும் எழுவதும். மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, அந்த முழங்காலில் இரு கைகளையும் அழுத்தி எழ வேண்டும். பிறகு நின்ற இடத்திலேயே நடை, இரண்டு காலில் சறுக்கல், முழங்காலை மடக்குதல், நிறுத்துதல். நான்கு வயதுக் குழந்தை எட்டுப் பேர், அரை மணி நேரம். ஒரு நிமிடம் தொடர்ந்து பேசினால் இரண்டு பேர் பனியைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்துவிடுவார்கள். குறைவாகப் பேசி நிறையச் செய்யவைக்கும் வித்தை இங்கேதான் வரும்.

இந்தக் கலை புத்தகத்தைவிடக் கைமாறித்தான் வளர்ந்திருக்கிறது. மரிபெல் வின்சன் ஓவன் ஒன்பது முறை அமெரிக்கச் சாம்பியன், 1932 ஒலிம்பிக்கில் வெண்கலம். பயிற்சியாளராக மாறி டென்லி ஆல்பிரைட்டை 1956இல் தங்கம்வரை கொண்டுபோனார். 1961 பிப்ரவரி 15 அன்று, உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் போன அமெரிக்க அணி முழுவதும் பிரஸ்ஸல்ஸ் அருகே விமான விபத்தில் இறந்தது. மரிபெலும் அவருடைய இரண்டு மகள்களும் அதில் இறந்தார்கள். ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்களை அந்த நாடு ஒரே நாளில் இழந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்தவர்களில் ஒருவர் இத்தாலியின் முன்னாள் ஐரோப்பியச் சாம்பியன் கார்லோ ஃபாஸ்ஸி. விபத்தில் தன் பயிற்சியாளரை இழந்திருந்த பெக்கி ஃபிளெமிங், பின்னர் அவரிடம் பயின்று 1968இல் தங்கம் வென்றார். மரிபெலின் மாணவர்களில் ஃபிராங்க் கேரல் என்றொருவர் இருந்தார். அமெரிக்கச் சாம்பியன் மிஷெல் க்வானை உருவாக்கியவர் அவர்தான். 2010இல் வான்கூவரில் ஆர்சரின் மாணவி தங்கம் வென்ற அதே ஒலிம்பிக்கில், ஆண்கள் தங்கம் வென்ற எவன் லைசாசெக்கும் கேரலின் மாணவரே.

ஆர்சரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் தானே செய்ய அவர் முயலவில்லை. டொராண்டோவின் கிரிக்கெட் கிளப்பில், 1988இல் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வென்ற டிரேசி வில்சனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். டிரேசியின் பொறுப்பு சறுக்கலின் தரம், அதாவது ஓட்டமும் விளிம்பும் முழங்காலும். நடன அமைப்புக்கு டேவிட் வில்சன். பெரிய சாம்பியன்களும் சின்னப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஓட்டப் பயிற்சி செய்வார்கள். பின்னர் அங்கே ஜப்பானின் யுசுரு ஹன்யூவும் ஸ்பெயினின் ஹவியர் ஃபெர்னாண்டஸும் ஒரே பனித்தளத்தில் பயின்றார்கள். 2014, 2018 ஒலிம்பிக் தங்கம் ஹன்யூவுக்கு, 2015, 2016 உலகப் பட்டம் ஃபெர்னாண்டஸுக்கு. ஒருவரையொருவர் வீழ்த்தப் போட்டியிடும் இருவருக்கும் ஒரே ஆசான் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வட அமெரிக்காவில் பெரும்பாலான பயிற்சியாளர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பெற்றோர் பாடத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு நேரடியாகத் தருவார்கள். பனித்தளக் கட்டணம் தனி. பள்ளிக்கு முன் விடியற்காலையும் பள்ளிக்குப் பின் மாலையும்தான் வேலை நேரம், நடுப்பகல் வெறுமை. போட்டிக்குப் பயணம் போனால் ஊரில் இருக்கும் மற்றப் பாடங்கள் போய்விடும், எனவே பயணச் செலவை யார் யார் பகிர்வது என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பாடத்தை எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இன்னொருவரின் மாணவரைத் தூண்டி இழுப்பது இந்தத் தொழிலில் ஒழுக்கக்கேடு. தானாக வந்தாலும் பழைய ஆசானிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சேர்ப்பதே முறை.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் தளர்வுக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் பின்னணிச் சோதனையும், துன்புறுத்தலைத் தடுப்பதற்கான ‘சேஃப்ஸ்போர்ட்’ பயிற்சியும் கட்டாயம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு தனியாகப் பாடம் நடந்தால் அது மற்றவர் பார்க்கக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். செய்தி அனுப்பினால் பெற்றோரும் அதில் இருக்க வேண்டும். தோளையோ இடுப்பையோ தொட்டுத் திருத்தும் முன் கேட்க வேண்டும். எடையைப் பற்றிப் பேசவே கூடாது. 2014இல் பதினைந்து வயதில் ரஷ்ய அணிக்குத் தங்கம் வாங்கித்தந்த யூலியா லிப்னிட்ஸ்காயா, அனோரெக்ஸியா என்ற உண்ணுதல் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றபின் 2017இல், பத்தொன்பது வயதில் விலகினார். தான் வாங்கிய வசவுகளையே திருப்பிச் சொல்லும் பழக்கம் முன்னாள் வீரர்களுக்கு எளிதில் வரும். வலியோடு ஆடிப் பழகியவருக்குப் பிள்ளையின் முதுகுவலி சாதாரணமாகப் படும். உயரம் திடீரென்று கூடும் வயதில் ஜம்ப் எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் எலும்பில் விரிசல் விழலாம். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் பிரிவுப் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்த 2022இல் முடிவெடுத்ததை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

பாடம் எடுப்பது ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. 2008 உலகச் சாம்பியன் ஜெஃப்ரி பட்டில் நடன அமைப்பாளராகப் பெயர் பெற்றார். போட்டிகளில் ஜம்ப்புகளை அடையாளம் காணும் தொழில்நுட்ப நிபுணர்களாகவும் பல முன்னாள் வீரர்கள் போகிறார்கள். சற்றுமுன் சொன்ன அந்தக் கணுக்காலைப் பார்க்கும் கண் அங்கேயும் வேண்டும்.

கனடாவின் கிளப்புகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ‘கேன்ஸ்கேட்’ தொடக்க வகுப்புகளில், இன்னும் போட்டியிடும் பதின்வயது ஸ்கேட்டர்கள் பயிற்சியாளருக்கு உதவியாளர்களாக நிற்கிறார்கள். விழுந்த குழந்தையை அவர்கள் தூக்கிவிடுவதில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, முழங்காலில் கையை வைத்து மெதுவாக எழுந்து காட்டுகிறார்கள். குழந்தை பார்த்துக்கொண்டே கூட எழுகிறது.

நன்றி, வணக்கம்.