நான்கெழுத்துப் பூட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1990-களின் கடைசியில் நம் ஊரில் பிளேஸ்டேஷன் என்ற சோனியின் வீடியோ கேம் பெட்டியை வாங்கப் போனவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள்: "சிப் போட்டதா?" போட்ட பெட்டி என்றால் டூப்ளிகேட் சிடி ஓடும், கவலையில்லை. போடாதது என்றால் "நாளைக்கு வாங்க, போட்டுத் தர்றேன்" என்பார் கடைக்காரர். நான் எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் தொழிலில் இருப்பவன். அந்தச் சிப்பை ஈயம் வைத்துப் போட்டுக் கொடுத்த தலைமுறை. அதனால் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டூப்ளிகேட் சிடி, சிப், பெட்டியின் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் எமுலேட்டர் என்ற மூன்றையும் 'திருட்டு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மூன்றும் வேறு வேறு. ஏன் என்று சொல்ல, டூப்ளிகேட் சிடி ஓடாதபடி சோனி வைத்த பூட்டு எப்படி வேலை செய்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3-ஆம் தேதி ஜப்பானில் வெளிவந்தது. அதன் சிடியின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பில்தான் ரகசியம் இருக்கிறது என்று பல பேர் நம்பினார்கள். கறுப்பு சிடி வாங்கிப் பதிவு செய்து ஏமாந்தவர்களும் உண்டு. கறுப்பு வெறும் அழகுக்குத்தான். லேசர் கதிர் அதை ஊடுருவிப் போய்விடும்.

ரகசியம் சிடியின் உள்விளிம்பில், தகவல் தொடங்குவதற்கு முன்னால் வரும் பகுதியில் இருந்தது. சிடியில் தகவல் ஒரே சுருள்பாதையாகப் போகிறது. தொழிற்சாலையில் அச்சிட்டு வரும் மற்ற சிடிகளில் அந்தப் பாதை சீராக இருக்கும். பிளேஸ்டேஷன் சிடியில் மட்டும், ஆடுகிற தையல் மெஷினில் அடித்த தையல் மாதிரி, பாதையே மிக நுண்ணிய அளவில் நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துகள். எஸ், சி, ஈ என்ற மூன்றும் சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட் என்ற பெயரின் முதலெழுத்துகள். நான்காவது எழுத்து, ஜப்பான் என்றால் ஐ, அமெரிக்கா என்றால் ஏ, ஐரோப்பா என்றால் ஈ. லேசர் பாதையை விட்டு விலகாமல் தன்னைச் சரிசெய்துகொண்டே போகிறதல்லவா, அந்தச் சரிசெய்தலிலிருந்தே பெட்டி இந்த நான்கு எழுத்தைப் படித்துக்கொள்ளும்.

சிடி ரைட்டர் என்ன செய்யும்? பாதையில் எழுதியிருப்பதைத்தான் நகலெடுக்கும். பாதை எப்படி நெளிந்திருக்கிறது என்பதை நகலெடுக்காது. வெற்று சிடியில் பாதை ஏற்கெனவே போடப்பட்டே வருகிறது, அதை மாற்றவும் முடியாது. ஆக, விளையாட்டு முழுவதும் ஒரு பிட் குறையாமல் நகலாகிவிடும், நான்கு எழுத்து மட்டும் வராது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தப் பூட்டு நகலெடுப்பதை ஒரு நொடிகூடத் தடுக்கவில்லை. எடுத்த நகல் ஓடுவதைத்தான் தடுத்தது. அதோடு, ஜப்பானில் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடி அமெரிக்கப் பெட்டியில் ஓடுவதையும் தடுத்தது.

சிப் வருவதற்கு முன்னால் பையன்கள் கைவித்தை ஒன்று வைத்திருந்தார்கள். பெட்டி அந்த எழுத்துகளைத் தொடக்கத்தில் சரிபார்க்கும். அப்புறம் மூடியைத் திறந்தால்தான் மறுபடி பார்க்கும். மூடி திறந்ததை அறிய உள்ளே ஒரு சின்னப் பொத்தான். அதில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு, ஒரிஜினலை வைத்து ஓடவிட்டு, சரியான நேரத்தில் சுழலும் சிடியைக் கையால் எடுத்துவிட்டு நகலை வைப்பார்கள். கொஞ்சம் பிசகினால் சிடியில் கீறல், மோட்டாருக்கும் கேடு.

சிப் இந்த அவஸ்தையைத் தீர்த்தது. பெரும்பாலும் பிக் 12சி508 என்ற எட்டுக்கால் ஐசி. விரல் நகத்தைவிடச் சின்னது. விலை மலிவு, வாஷிங் மெஷினிலும் ரிமோட்டிலும் போடுகிற சாதாரணச் சமாச்சாரம். நான்கைந்து மெல்லிய ஒயரை போர்டில் உரிய இடங்களில் பற்றவைக்க வேண்டும். லேசரிடமிருந்து நெளிவுத் தகவல் வருகிற பாதையில் இந்தச் சிப் உட்கார்ந்துகொண்டு, அந்த நான்கு எழுத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி நம்பிவிடும். அவ்வளவுதான் விஷயம். கூர் முனை சால்டரிங் அயர்னும் நடுங்காத கையும் இருந்தால் அரை மணி நேர வேலை. ஈயம் கொஞ்சம் வழிந்து பக்கத்துக் காலைத் தொட்டுவிட்டால் போர்டு போச்சு.

இந்தியாவில் இன்னொரு தொல்லை. அப்போது நம் டிவி எல்லாம் பால் (PAL) என்ற வண்ணப்பட முறை. ஜப்பான், அமெரிக்காவில் என்டிஎஸ்சி என்ற வேறு முறை. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டு வந்து கொடுத்த பெட்டியைப் பழைய டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். சிப் சரியில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ஜப்பான் பெட்டி 100 வோல்ட்டுக்குச் செய்தது. அதை நேராக நம் 230 வோல்ட்டில் செருகிவிட்டு, புகை வாசனையோடு தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தனி ரகம்.

விளையாட்டு எழுதியவர்களும் சும்மா இருக்கவில்லை. சிப் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறதல்லவா, அதையே பிடித்தார்கள். எழுத்துகள் வரக்கூடாத நேரத்தில் வந்தால் சிப் இருக்கிறது என்று அர்த்தம். உடனே விளையாட்டு நின்றுவிடும். பதிலுக்கு, தேவையான நேரம் மட்டும் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் சிப்புகள் வந்தன. இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது, 2000-இல் வந்த, இன்சோம்னியாக் நிறுவனம் உருவாக்கிய ஸ்பைரோ விளையாட்டின் மூன்றாம் பாகம். இந்தச் சோதனைகளை நீக்கத் திருத்திய நகலில் அது ஓடாமல் நிற்காது, ஓடும். போகப் போகத்தான் வேலையைக் காட்டும். ஒரு தேவதை வந்து 'நீங்கள் ஆடுவது திருத்தப்பட்ட நகல்போல இருக்கிறதே' என்று சொல்லும். சேர்த்து வைத்த முட்டைகள் காணாமல் போகும். கடைசிச் சண்டை வரை வந்தவனைத் தொடக்கத்துக்கே அனுப்பி, சேமித்ததையும் அழித்துவிடும். அதன் காவலை முழுதாக உடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விற்பனையில் முதல் இரண்டு மாதம்தானே முக்கியம்!

சரி, சிப் போடுவது குற்றமா? ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. சிட்னியில் சிப் போட்டுக் கொடுத்த ஒருவர்மீது சோனி வழக்குத் தொடுத்தது. முதல் நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார், மேல்முறையீட்டில் சோனி ஜெயித்தது, 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம் நான் முன்னால் கவனிக்கச் சொன்னதேதான்: இந்தப் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை. பதிப்புரிமை மீறல் நடந்து முடிந்த பிறகு வந்து நிற்கிற ஒன்றை, மீறலைத் தடுக்கும் பூட்டு என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டு ஒரிஜினலையும் அது தடுத்தது என்பதும் அங்கே பேசப்பட்டது. அப்புறம் அமெரிக்காவுடன் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி அந்த நாடு சட்டத்தை மாற்றிக்கொண்டது, அது வேறு கதை.

எமுலேட்டர் இன்னும் தெளிவான வழக்கு. பிளேஸ்டேஷன் செய்கிற வேலையை மென்பொருளாகவே எழுதி, கம்ப்யூட்டரில் ஓடவைப்பது. 1999-இல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் மேக் கம்ப்யூட்டருக்கு அப்படியொன்றை விற்றது. சோனி வழக்குப் போட்டது. எழுதும்போது ஆராய்வதற்காகச் சோனியின் உள்மென்பொருளை அவர்கள் நகலெடுத்துப் பார்த்தது உண்மைதான், ஆனால் விற்ற பொருளில் சோனியின் வரி ஒன்றுகூட இல்லை. அது நியாயமான பயன்பாடு என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு வருடமே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்தியது. விண்டோஸுக்கு எமுலேட்டர் செய்த பிளீம் நிறுவனமும் நீதிமன்றத்தில் நன்றாகவே தாக்குப்பிடித்தது. வக்கீல் செலவைத்தான் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2001-இல் கடையை மூடினார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக வாங்கிய கணினி நிரலுக்குத் தொலைந்தாலோ கெட்டாலோ உதவும்படி காப்பு நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயவும் இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. 'நோக்கத்தோடு' என்பது அங்கே முக்கியமான சொல். ஆனால் திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவதற்கு 63பி பிரிவில் தண்டனை இருக்கிறது. நடைபாதையில் ஐம்பது ரூபாய் சிடி வாங்கியதற்கு இதில் எங்கேயும் அனுமதி இல்லை. அந்த சிடியை நான் நியாயப்படுத்தவும் வரவில்லை. விளையாட்டை எழுதியவர்களுக்கு அதிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

சிப், எமுலேட்டர் இரண்டும் அப்படியல்ல. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டுச் சொன்னது. காசை நீட்டினாலும் கொடுக்க ஆளில்லை. அவற்றை ஓடவைக்க மிஞ்சியிருப்பது பழைய பெட்டியும் எமுலேட்டரும்தான்.

2018 டிசம்பர் 3-ஆம் தேதி, பிளேஸ்டேஷன் பிறந்த அதே நாளில், சோனி ஒரு குட்டிப் பெட்டியை வெளியிட்டது. பிளேஸ்டேஷன் கிளாசிக். உள்ளே 20 பழைய விளையாட்டுகள். அவற்றை ஓட்டிய மென்பொருள் சோனி எழுதியதல்ல. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்று, ஆர்வலர்கள் எழுதி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்த எமுலேட்டர். உரிமப்படி எடுத்தார்கள், தவறே இல்லை. ஆனால் செய்தியைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பழைய பெட்டிகள் இப்போதும் சர்வீஸுக்கு வருகின்றன. முதல் மாடல்களில் லேசர் ஓடும் தடம் பிளாஸ்டிக். தேய்ந்து போய் லென்ஸ் சாய்ந்துவிடும். அந்தக் காலத்தில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடினார்களே, அதற்குக் காரணம் இதுதான். நல்ல லென்ஸ் இனி கிடைப்பது கஷ்டம். அதனால் லென்ஸையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெமரி கார்டிலிருந்து படிக்கும் ஒரு போர்டை மாட்டுகிறார்கள். தங்களிடம் உள்ள ஒரிஜினல் சிடிகளை கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தக் கார்டில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த போர்டும் பெட்டியிடம் முதலில் சொல்கிற பொய் அதே நான்கு எழுத்துதான். நன்றி, வணக்கம்.