சீனியில் செய்யும் பூச்சிமருந்து: வெள்ளை ஈ எப்படிச் சாகிறது?

[காட்சி: மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடி வீட்டின் பால்கனி. தொட்டியில் மிளகாய்ச் செடி. ஒரு கை இலையைத் திருப்புகிறது.]

வணக்கம். உங்கள் வீட்டு மிளகாய் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளையாக, பொடிப்பொடியாக ஏதாவது ஒட்டியிருந்து, தொட்டதும் பறந்தால் அது வெள்ளை ஈ. மருந்து அடித்தால் கொஞ்ச நாள் காணாமல் போகும், அப்புறம் கூட்டத்தோடு திரும்பி வரும். உலகம் முழுக்கப் பல மருந்துகளுக்கு இந்தப் பூச்சி பழகிவிட்டது.

இன்று நாம் பார்க்கப் போகும் மருந்தின் மூலப்பொருள் சீனி. ஆமாம், தேநீரில் போடுகிற அதே சீனிதான்.

[காட்சி: காட்டுப் புகையிலை இலை, நுண்ணோக்கியில்.]

இந்த யோசனை ஒரு செடியிடமிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் நிக்கோட்டியானா கோசி என்றொரு காட்டுப் புகையிலை உண்டு. அதன் இலைகளில் நுண்ணிய ரோமங்கள் இருக்கும். ரோம நுனியில் பிசுபிசுவென்று ஒரு நீர் கசியும். அது பட்டால் வெள்ளை ஈ சாகிறது. புகையிலை என்றதும் நிக்கோட்டின் வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். கசிவைப் பிரித்துப் பார்த்தால், பூச்சியைக் கொல்வது சர்க்கரை எஸ்டர். சர்க்கரையும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த கூட்டுப்பொருள் அது. அமெரிக்க விவசாயத் துறை ஆராய்ச்சியாளர்கள் இதே மாதிரிப் பொருளை ஆலையில் செய்து பழமரப் பூச்சிகள்மேல் சோதித்தார்கள். அப்படி உருவான சுக்ரோஸ் ஆக்டனோயேட்டை, அதாவது சீனியில் செய்த எஸ்டரை, 2002-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பூச்சிமருந்தாகப் பதிவு செய்தது.

[காட்சி: சீனி மூலக்கூறின் அசைவுப்படம். எட்டு முனைகள் ஒளிர்கின்றன.]

செய்முறைக்கு வருவோம். ஒரு சீனி மூலக்கூறில், ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த எட்டு ஹைட்ராக்சில் முனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலோ இரண்டிலோ கொழுப்பு அமிலத்தை மாட்டிவிட வேண்டும். சொல்வது சுலபம். சீனி தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, கொழுப்பு நேர்மாறு. இரண்டும் ஒன்றையொன்று கிட்டவே சேர்க்காது. அதனால் இரண்டையும் கரைக்கக்கூடிய ஒரு கரைப்பானில் போட்டு, வினையூக்கி சேர்த்துச் சூடாக்குவார்கள். பிறகு அந்தக் கரைப்பானை மிச்சமில்லாமல் நீக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலை இதுதான்.

மாட்டப்படும் ஆக்டனோயிக் அமிலம் நமக்கு அந்நியமானதல்ல. தேங்காய் எண்ணெயில் இருக்கிறது. செம்பனை விதை எண்ணெயிலும் இருக்கிறது. அந்த விதை எண்ணெயைப் பிரித்து அமிலம் எடுக்கும் ஆலைகள் பினாங்குப் பாலத்தைத் தாண்டினால் பிறை ஊரிலேயே உண்டு. இன்னொரு விஷயம்: இதே குடும்பத்து சுக்ரோஸ் எஸ்டர்களை இ473 என்ற எண்ணில் உணவில்கூடச் சேர்க்கிறார்கள்.

[காட்சி: பூச்சியின் மேல்தோல், குறுக்குவெட்டுப் படம்.]

சரி, இது எப்படிக் கொல்கிறது? பூச்சியின் தோல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. வெறும் தண்ணீர் தெளித்தால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். எஸ்டர் கலந்த தண்ணீர் ஓடாது. எஸ்டரின் கொழுப்பு வால் மெழுகில் ஒட்டும், சீனித் தலை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உடம்பு முழுக்க நனைகிறது, மூச்சுத் துளைகள் அடைபடுகின்றன, மெழுகு சிதைகிறது. உடலின் ஈரத்தைக் காத்து வைத்திருந்ததே அந்த மெழுகுதான். அது போனதும் பூச்சி வறண்டு சாகிறது. நரம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாக்கும் மருந்தென்றால், அந்த இடத்தை மாற்றிக்கொண்ட பூச்சி தப்பிக்கும். இங்கே தாக்கப்படுவது தோல். பழகிக்கொள்வது அவ்வளவு எளிதல்ல.

காய்ந்துவிட்டால் மருந்தின் வேலை முடிந்தது. மண்ணில் சுமார் 5 நாட்களில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். சீனியும் கொழுப்பு அமிலமும் அவற்றுக்குத் தீனி. நாளைக்கு வந்து உட்காரும் பூச்சியை இது ஒன்றும் செய்யாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மருந்தின் பாதுகாப்பே அங்கேதான் இருக்கிறது. இலையில் நின்று நாளைய பூச்சியைக் கொல்லும் மருந்து, நாளைய தேனீயையும் கொல்லும். சுக்ரோஸ் ஆக்டனோயேட்டையோ வளர்ந்த தேனீக்கள் மேலேயே தெளித்து, அவற்றில் தொற்றும் வரோவா உண்ணியைக் கொல்ல அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கூட்டின் மூடிய அறைக்குள் தேனீப் புழுவோடு ஒளிந்திருக்கும் உண்ணி மட்டும் பிழைத்துக்கொள்ளும், மருந்து அங்கே போய்ச் சேராது.

மேலே பட்டால்தான் சாவு. அதனால் அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் போன்ற மென்தோல்காரர்களுக்குத்தான் இது சரிப்படும். தென்னையையும் செம்பனையையும் குடைகிற காண்டாமிருக வண்டின் கெட்டியான மேலோட்டை இது அசைக்காது. களைக்கும் இது மருந்தல்ல. தோட்டத்தில் முதுகில் பம்பு மாட்டி மருந்தடித்த நம் பெண்கள் சுமந்த பாராகுவாட் ஒரு களைக்கொல்லி. அது மலேசியாவில் 2020-இல்தான் முழுதாகத் தடையானது. அதற்கு மாற்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

[காட்சி: மீண்டும் பால்கனி. தெளிப்பான் புட்டி.]

இதைக் கேட்டுவிட்டு யாரும் சீனித்தண்ணீரைக் கரைத்துத் தெளிக்காதீர்கள். எறும்புதான் வரும். எஸ்டரை வீட்டு அடுப்பில் செய்யவும் முடியாது. வீட்டில் முடிவது இதன் ஒன்றுவிட்ட உறவான பொட்டாசியம் சோப்பு. அதுவும் மெழுகைத்தான் தாக்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி போதும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், இலை கருகலாம். முதலில் ஓர் இலையில் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். பினாங்கு வெயிலில் நொடியில் காய்ந்துவிடும், காய்ந்தால் பலனில்லை. வெயில் ஏறுமுன் காலையிலேயே, இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையும்படி அடியுங்கள். முட்டைகள் தப்பியிருக்கும் என்பதால் சில நாள் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும்.

கடையிலோ இணையத்திலோ எந்தப் பூச்சிமருந்து வாங்கினாலும், 'இயற்கை' என்று எழுதியிருந்தாலும், எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் புட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அது இருந்தாக வேண்டும்.