நகையைத் திருப்பிப் பாருங்கள்: உடையை மாற்றிய உலோகமும் ஊசியும்

[காட்சி: வைர ப்ரூச் (உடையில் ஊசியால் குத்தி அணியும் நகை) ஒன்று. மெதுவாகப் பின்பக்கம் திரும்புகிறது.]

பழைய நகையின் வயது தெரிய வேண்டுமா? கல்லை விடுங்கள், பின்பக்கம் பாருங்கள். ஊசியை யாராவது மாற்றியிருந்தாலும் பற்றவைத்த தடம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எந்தத் துணிமேல் எந்த நகையை அணியலாம் என்பதிலும் பல காலம் இந்தப் பின்பக்கத்துக்குப் பங்கு இருந்தது.

[காட்சி: வெள்ளியில் பதித்த வைரம், நெருக்கத்தில்.]

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் வைரத்தைப் பெரும்பாலும் வெள்ளியில் பதித்தார்கள். தங்கத்தில் பதித்தால் மஞ்சள் சாயல் கல்லில் ஏறும். ஆனால் காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கும், அந்தக் கறை துணியில் ஒட்டும். அதற்காகவே பின்னால் தங்கத் தகடு வைத்தார்கள். வெள்ளி மெத்தென்றிருப்பதால் கல்லைப் பிடிக்கும் கட்டும் தடிமனாக வேண்டும். அந்தக் கனத்துக்கு வெல்வெட்டும் கெட்டிப் பட்டும்தான் ஈடுகொடுக்கும்.

பிளாட்டினம் கறுக்காது, எளிதில் வளைந்துகொடுக்காது. பிறகு ஏன் அது நகைக்கு வரத் தாமதம்? சூடுதான் காரணம். வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும், தங்கம் 1,064-இல். பிளாட்டினத்துக்கு 1,768 வேண்டும். வாயால் ஊதும் ஊதுகுழலுக்கு அது மசியாது. ஆக்சிஜன் சுடர் வந்தபிறகும் பழைய பழக்கம் காலை வாரியது. தங்கவேலைக்குப் பழகிய கரித்துண்டின்மேல் வைத்துச் சூடாக்கினால் கார்பன் கலந்து பிளாட்டினம் நொறுங்கும். அதனால் சூடு தாங்கும் தீச்செங்கல் வேண்டும். காய்ந்த பிளாட்டினத்தின் வெண்ணொளி கண்ணைக் கெடுக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

[காட்சி: சரிகைப் பின்னல் போன்ற கழுத்தணி, மெல்லிய வெண்ணிற உடைமேல்.]

1900 வாக்கில் பாரிஸின் கார்ட்டியே நகை நிறுவனம் இதில் தேர்ந்தது. பிளாட்டினம் ஏறக்குறைய வெள்ளியைப்போல் இருமடங்கு அடர்த்தி. ஆனாலும் உறுதி அதிகம் என்பதால் மெல்லிய கம்பியே கல்லைப் பிடித்துக்கொள்ளும். நகை லேஸ்போல ஆனது. ஷிஃபான்மேல் தொங்கவிட முடிந்தது.

[காட்சி: கண்ணாடிக் கற்கள், ஒன்றின் பின்பக்கத் தகடு உரிந்திருக்கிறது.]

போலிக் கல்லின் கதையும் பின்பக்கத்தில்தான். 1730களில் பாரிஸில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியை வைரம்போல மின்னவைத்தார். அக்காலக் கண்ணாடிக் கற்களுக்குப் பின்னால் பளபளக்கும் தகடு வைத்து மூடிவிடுவார்கள். தண்ணீர் புகுந்தால் தகடு கறுத்து, கல் செத்துப்போகும். அந்தப் பழைய நகைகளைக் கழுவவே கூடாது. 1892இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி கண்ணாடிக் கல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டார். 1920களில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் போலி முத்தையும் அசல் கல்லையும் ஒன்றாக அணியவைத்தார். போலியை மறைக்க வேண்டியதில்லை என்றானதுதான் பெரிய மாற்றம். அவர் வடிவங்களைவிட இதையே முக்கியமாகச் சொல்வோம்.

அதே காலத்தில் கூந்தல் குட்டையானது, காது வெளியே தெரிந்தது, தொங்கட்டான் நீண்டது. காது குத்தாதவர்களுக்குத் திருகி மாட்டும் தோடு, 1930களில் கிளிப். இறுக்கினால் வலி, தளர்த்தினால் தொலைப்பு.

[காட்சி: மெல்லிய பட்டுச் சட்டையில் ப்ரூச் முன்னால் சாய்கிறது.]

ப்ரூச் இப்படிக் கவிழ்ந்தால் துணியைத் திட்டாதீர்கள். ஊசி, நகையின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் தலைகனத்து முன்னால் சாயும். ஊசி சரியாக இருந்தும் சாய்ந்தால், உள்பக்கம் ஒரு சிறு ஃபெல்ட் (நாரை அழுத்திச் செய்த தடித்த துணி) துண்டு வைத்து, துணியையும் ஃபெல்ட்டையும் சேர்த்துக் குத்துங்கள். ஊசிமுனையை ஒருமுறை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டுக் கொக்கியில் மாட்டினால் நகை பக்கவாட்டில் நழுவாது.