கடை அசையுமா, அசையாதா?

வணக்கம் மக்களே. முதல்ல இந்த போட்டோவைப் பாருங்க. என் தம்பி புதுசா கடை போட்டிருக்கான். நோட்டு, பேனா, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. போர்டுல இங்கிலீஷ்ல ‘ஸ்டேஷனரி’ன்னு இருக்கு. கடைசி மூணு எழுத்தை ஜூம் பண்றேன்... ஏ, ஆர், ஒய். திறப்பு விழாவுக்கு வந்த டீச்சர் ஒருத்தங்க, “ஏம்ப்பா, கடை அசையாம நிக்குமா?”ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. இவனுக்குப் புரியல, எனக்குப் போன் அடிச்சான்.

ஏ, ஆர், ஒய்னு முடிஞ்சா அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம். ஈ, ஆர், ஒய்னு முடிஞ்சாதான் பேனா, பேப்பர். காதுக்கு ரெண்டும் ஒண்ணு. தமிழ்ல எழுதினாலும் ஒண்ணுதான். “தமிழ்லயே போர்டு வெச்சிருக்கலாம்ல”ன்னேன், முறைச்சான்.

பேப்பருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஈ-ஆர்ல முடியும், காருக்கு ஏ-ஆர்ல. நின்னுபோன கார்னா ஏ, பேப்பர் வாங்கணும்னா ஈ. அவ்ளோதான்.

ஆனா தம்பி மேல முழுப் பழியும் போட மாட்டேன். ரெண்டு வார்த்தைக்கும் பூர்வீகம் ஒண்ணுதான். ஐரோப்பாவுல அந்தக் காலத்துல நிறைய வியாபாரிங்க மூட்டையைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலைவாங்க. புத்தகம் விக்கிறவர் ஒரே இடத்துல கடை விரிச்சு உக்காந்திருப்பார். அதனாலதான் லத்தீன்ல அவருக்கு ‘நிலையா இருக்கிறவர்’ங்கிற அர்த்தத்துல பேர் வந்துச்சு. லண்டன்ல 1403லயே இவங்களுக்குச் சங்கம் இருந்திருக்கு, 1557ல அரச சாசனமும் வாங்கிட்டாங்க. அந்த அசையாத கடைக்காரர் விக்கிற சாமான்தான் ஸ்டேஷனரி! டீச்சர் கேட்டதுக்கு, “ஆமா மிஸ், நிக்கும்”னு சொல்லியிருக்கலாம்.

இன்னொண்ணு, ‘லூஸ்’. இது இங்கிலீஷ்காரங்க வாயில ரெண்டு சத்தம், நம்ம வாயிலதான் ஒண்ணாயிடுது. ரெண்டு ஓ போட்டா தொளதொள சட்டை. ஒரு ஓவைத் தொலைச்சுட்டா, தொலைக்கிறது. தொலைக்கிற லூஸ்ல கடைசி எழுத்தை வண்டு ரீங்காரம் மாதிரி இழுக்கணும். தொண்டையில விரல் வெச்சுப் பாருங்க, அதிரும். சட்டைக்கு அதிராது. அந்த அதிர்வுக்குத் தமிழ்ல தனி எழுத்து கிடையாது, அதான் குழப்பம்.

சரி, போர்டு என்னாச்சுன்னு கேப்பீங்க. புதுசு அடிக்கக் காசு இல்லன்னு, ஏ மேல ஈ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். சிவப்பு கொஞ்சம் வேற மாதிரி இருக்கா? வெயில்ல ஒரு முனை வேற இப்பவே தூக்கிட்டு நிக்குது, பாருங்க.