உயிரோடு திரும்பிய சிப்பாயைத் தேடுவது

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வரவேற்றுப் பேசிய நண்பர் என்னை வரலாற்று ஆய்வாளர் ஆக்கிவிட்டார். நான் கருவூலத்தில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். பழைய காகிதம் எங்கே இருக்கும், எப்போது கிழித்துப் போடுவார்கள் என்பது தெரியும். அவ்வளவுதான்.

என் கொள்ளுத்தாத்தா மீசை முளைத்த கையோடு முதல் உலகப் போருக்குப் போனவர். ஊரில் இன்றைக்கும் எங்கள் வீடு பட்டாளத்தார் வீடுதான். எந்தப் பட்டாளம் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. குடும்பத்தில் தங்கியது ஒரே ஒரு கதை. "கப்பல்ல கொண்டுபோய் எறக்கினான். சண்டை நடக்கறப்ப தேனீ கொட்டி எல்லாரும் கடற்கரைக்கு ஓடினோம்." கல்யாண வீட்டில் யாராவது இதைச் சொன்னால் பந்தியே சிரிக்கும்.

போரில் இறந்தவரைத் தேடுவது ஓரளவு சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. முதல் போரில் செத்த இந்தியர் 74,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர், சிப்பாய் எண், ரெஜிமெண்ட் அங்கே கிடைக்கும். அப்பா பெயர், கிராமம், தாலுகாகூடப் பல பதிவுகளில் உண்டு. அதிலும் ஓட்டை இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர் வெட்டிய இடத்தில் நம்மவர்களுக்கு வெறும் எண்ணிக்கையைப் போட்ட இடங்கள் உண்டு. 2021-இல் ஆணையமே அதற்கு மன்னிப்புக் கேட்டது.

உயிரோடு வந்து, கழனி உழுது, கிழவனாகிச் செத்தவருக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. பென்ஷன் வாங்கியிருந்தால் ஒரு தடயம் இருக்கும். போர் முடிந்ததும் ஆட்குறைப்பில் அனுப்பப்பட்ட பையன்களுக்குப் பென்ஷனுக்கு சர்வீஸ் போதாது. பென்ஷன் வாங்கியவருடைய கோப்பும் அவர் போய்ச் சில வருஷத்தில் அழிக்கும் பட்டியலுக்கு வந்துவிடும். அந்தப் பட்டியல்களில் கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன், நம்புங்கள். பஞ்சாபியருக்கு அதிர்ஷ்டம். 3,20,000 வீரர்களின் விவரம் கொண்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் தூங்கிக் கிடந்தன. அவற்றை 2021-இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். மதராஸ் மாகாணத்துக்காரர்களான நமக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியது ஒரு பதக்கம். என் அத்தை வீட்டுப் பரணில், பித்தளைத் தூக்குக்குள் கிடந்தது. வெள்ளிப் பதக்கம், ஒருபக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், 1914, 1918. எல்லோரும் ராஜா தலையைத்தான் பார்ப்போம். பார்க்க வேண்டியது விளிம்பை. நாணயத்தின் ஓரம் மாதிரி இருக்கும் அந்தப் பட்டையில் சிப்பாயின் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் எல்லாம் பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். எங்களுடையதில் பெயர் பாதி தேய்ந்துபோயிருந்தது. கடைசியில் 63 என்ற எண்ணும் ரெஜிமெண்ட் பெயரின் சுருக்கமும் தெளிவாக இருந்தன. 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை.

ரெஜிமெண்ட் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தனி மனிதனுடைய காகிதம் தொலைந்தாலும் படையின் கதை தொலையாது. 1914 அக்டோபரில் இந்தப் படை பம்பாயில் கப்பல் ஏறியது. சென்னையில் குண்டு போட்டதே எம்டன், அது இந்தியப் பெருங்கடலில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். காவல் கப்பல் இல்லாமல் எந்தப் படைக்கப்பலும் கிளம்ப முடியாது. நெரிசலான கப்பல், புழுக்கம், வாந்தி. கடலையே பார்த்திராத பையன்களை அந்த நிலையில் நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில், ஜெர்மானியர் கையில் இருந்த டாங்கா துறைமுகத்தில் இறக்கினார்கள். இன்றைய தான்சானியா. நம் பக்கம் சுமார் 8,000 பேர், எதிரே ஏறக்குறைய 1,000 பேர். தளபதி எய்ட்கன் எதிரியின் நிலையைச் சரியாக வேவு பார்க்கவில்லை. 4-ஆம் தேதி புதரும் தோட்டமுமாக இருந்த காட்டுக்குள் முன்னேறச் சொன்னார்கள். இயந்திரத் துப்பாக்கி வெடித்ததும் 63-ஆம் படை கலைந்து பின்வாங்கியது. மறுநாள் மொத்தப் படையும் கப்பல் ஏறி மொம்பாசாவுக்குப் போனது. ஆயுதங்களைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் தேனீ! நிஜம்தான் அய்யா. துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த காட்டுத் தேனீக்கள் இரண்டு பக்கத்தாரையும் கொட்டின. ஆங்கிலத்தில் அந்தச் சண்டைக்குத் தேனீச் சண்டை என்றே பெயர் உண்டு. ஜெர்மானியர் கயிறு கட்டித் தேன்கூட்டைக் கலைத்துவிட்டார்கள் என்றுகூடப் பிரிட்டிஷ் தரப்பில் கதை கட்டினார்கள். ஆனால் தேனீக்களால் சிதறியதாகக் குறிக்கப்படும் படை 98-ஆம் காலாட்படை. எங்கள் தாத்தாவின் படை அதே பிரிகேடில், அதாவது சில ரெஜிமெண்ட்கள் சேர்ந்த படைப்பிரிவில், இருந்தது. அவரையும் கொட்டியதோ, பக்கத்துப் படைக்காரன் சொன்னதைத் தன் கதையாக்கிக்கொண்டாரோ! அவர் இடத்தில் நான் இருந்தாலும் "பயந்து ஓடினேன்" என்பதைவிடத் தேனீயைச் சொல்லித்தான் சமாளித்திருப்பேன். எப்படியோ, அவர் டாங்காவில் இருந்தார் என்று நான் நம்புவதற்கு அந்தத் தேனீ போதும்.

இந்தப் படைகளை மோசமான படைகள் என்று எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் உளவு அதிகாரி மைனர்ட்ஸ்ஹேகன். பின்னாளில் அவருடைய நாட்குறிப்பில் நிறையக் கட்டுக்கதை இருப்பதும், அருங்காட்சியகங்களிலிருந்து பறவை மாதிரிகளைத் திருடியவர் என்பதும் வெளிவந்தன. மாசம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போன பையனுக்கு இவர் நற்சான்று தரவில்லை என்பதற்காக நாம் தலைகுனிய வேண்டியதில்லை. மதராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்ற எண்ணம் டாங்காவுக்கு முந்தியது. 1880-களில் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் காலத்திலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்தது. 1920-கள் முடிவதற்குள் மதராஸ் காலாட்படைகளைக் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1942-இல் மதராஸ் ரெஜிமெண்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். பரணைப் பாருங்கள், பழைய டிரங்குப் பெட்டியைப் பாருங்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். முனுசாமியை வெள்ளைக்காரக் குமாஸ்தா நாலு விதமாக எழுதியிருப்பான். வயசையும் நம்பாதீர்கள். சேர்வதற்காகக் கூட்டிச் சொன்ன பையன்கள் உண்டு. பதக்கம் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பு எழுத்து போய்விடும். பதக்கம் எடுத்து வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த ஜன்னலோர மேசைக்கு வாருங்கள். லென்ஸ் கொண்டுவந்திருக்கிறேன், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.