மஞ்சள் தெரியாத காமாலை

சுயஉதவிக் குழு அக்கா தங்கைகளுக்கும், வேலைக்கு நடுவே வந்திருக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் கிருமிகளைப் பற்றியும், அதற்கு நாம் நடத்தும் சோதனை முகாமைப் பற்றியும் பேசுவோம்.

நம் பக்கம் காமாலைக்கு மருந்து கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடி. ஹெபடைடிஸ் கிருமியில் ஏ, பி, சி, இ என்று வகைகள் உண்டு. இதே கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி கிருமியைக் குறைக்கிறதா என்று சென்னை ஆய்வாளர்கள் சோதித்து, 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பர்க்கும் அதில் கூட்டு. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பின்னால் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அப்புறம் ஏன் ஊரில் இவ்வளவு பேர் குணமானார்கள்? தண்ணீரால் வரும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் மூலிகைக்குப் போய்விடும். கர்ப்பிணிக்கு மட்டும் இ வகை உயிருக்கே ஆபத்து. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பி, சி இரண்டும் ரத்தத்தில் இருந்துகொண்டு, கண்ணில் மஞ்சள் காட்டாமல் இருபது முப்பது வருஷம் ஈரலை அரிக்கும். கடைசியில் வயிறு வீங்கும்போது, 'குடிக்காத மனுஷனுக்கு எப்படி ஈரல் கெட்டது' என்று ஊர் பேசும். 2022 கணக்குப்படி இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேருக்கு பி, 55 லட்சம் பேருக்கு சி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

எப்படித் தொற்றும்? பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போடுகிறோம். பாதுகாப்பில்லாத உடலுறவு, மாற்றாத ஊசி, இதெல்லாம் தெரிந்ததே. குலதெய்வக் கோயில் மொட்டையை யாரும் யோசிப்பதில்லை. ஒரே பிளேடில் அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை, மாமன் என்று வரிசையாகத் தலை இறங்கும். கிண்ணத்துத் தண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டால் சரி என்று நினைக்கிறோம். உடம்புக்கு வெளியே பி கிருமி ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். 'தலைக்கு ஒரு புது பிளேடு போடுங்கண்ணே' என்று சொல்வதில் என்ன கூச்சம்? காதுகுத்து ஊசிக்கும் இதே பேச்சுதான்.

சரி, முகாமுக்கு வருவோம். நடவு நேரத்தில் காலை பத்து மணிக்குப் பந்தல் போட்டு உட்கார்ந்தால் யார் வருவார்கள்? விடியும்போதே வயலில் இறங்கியவர்களிடம் நாம்தான் போக வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே சோதனை அட்டையை எடுத்துப் போங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிஷத்தில் முடிவு. டீ குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

முடிவை மட்டும் கூட்டத்தில் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். கிருமி இருப்பவரைத் தனியே அழைத்து, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நீங்களே உடன் போங்கள். சி வகையென்றால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை. நூற்றில் 95 பேருக்குமேல் குணமாகிறது. பி இருக்கிற எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆனால் எல்லோரும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி என்றால் வீட்டிலுள்ள மற்றவர்களையும் சோதித்து, கிருமி இல்லாதவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசி போட வையுங்கள். சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. அப்புறம் மாமியாரிடம் ஒரு வார்த்தை: மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைக்க வேண்டாம், சேர்ந்து சாப்பிடுவதால் பி, சி தொற்றாது.