சாமி படம் இருக்கட்டும், கடைப்பேர் எங்கே?

பழைய கடைக் காலண்டர் சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் பலர் ஆசையாகப் படங்கள் கொண்டுவந்து தருகிறார்கள். பெரும்பாலும் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டுச் சட்டம் போட்ட படங்கள். எனக்கு வேண்டியது அந்த வெட்டிப்போட்ட துண்டுதான்!

கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்களுக்கு நான் எதிரி இல்லை, கும்பிடவே தோன்றும். ஆனால் சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது ஆல்பம் வரும், ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள், கடைக்காரர் ஒரு படத்தைக் காட்டி ‘இது’ என்பார், அடியில் விட்டிருக்கும் காலி இடத்தில் கடைப்பேர் ஏறும். அதனால் ஈரோட்டு ஜவுளிக்கடையிலும் நெல்லைப் பாத்திரக்கடையிலும் ஒரே லட்சுமிதான். ஊருக்கு ஊர் மாறுவது அந்த நாலு வரி மட்டுமே.

என்னதான் இருக்கும் அதில்? தந்தி விலாசம், ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்ற எச்சரிக்கை (பக்கத்திலேயே தம்பி கடை போட்டிருப்பார்), மூன்று இலக்கப் போன் நம்பர், அதன் பின்னால் ‘பி.பி.’. அதாவது போன் அவருடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுவிடுவார்.

தினசரி காலண்டரில் இன்னொரு சிக்கல். தாளெல்லாம் கிழித்த பிறகு மிஞ்சுவது அட்டைதான், அதில் பெரும்பாலும் வருஷமே இருக்காது. அப்போதும் இந்த வரிகள்தான் துப்பு கொடுக்கும். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. இல்லை என்றால் முந்தியது என்று துள்ளிவிடாதீர்கள், பின்கோடு போடாத கடைகள் இன்றும் உண்டு. விருதுநகர்ப் பக்கத்துக் கடையில் ‘காமராஜர் மாவட்டம்’ என்றிருந்தால் 1985-க்கு முன்னால் இருக்க வழியில்லை. 1997-ல் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறமும் பழைய மேட்டரையே அடிக்கக் கொடுத்த முதலாளிகள் இருப்பார்கள், அவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, கிடைத்தால் என்ன செய்வது? மாதக் காலண்டர் என்றால் மேலும் கீழும் இருக்கும் தகரப்பட்டையை முதலில் மெதுவாக நெம்பிக் கழற்றுங்கள், துரு தாளில் இறங்கிவிடும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பூஜை அறைப் படங்களைக் கேட்டு வாங்கி, பின்பக்க அட்டையைக் கழற்றிப் பாருங்கள்: வெட்ட மனசில்லாதவர்கள் கடைப்பேரை உள்ளே மடித்துவிட்டிருப்பார்கள்.